தனியே மலையேறும் நாள்: ஜொகூர் பாருவிலிருந்து சிவனொளிபாதமலைக்குச் செல்வோருக்கு

இலங்கை மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவனொளிபாதமலை, உச்சிப் பாறையிலுள்ள ஒரு பாதச்சுவட்டைத் தரிசிப்பதற்காகவே பல நூற்றாண்டுகளாக மக்கள் ஏறிவரும் மலையாகும். சிங்களத்தில் ஸ்ரீ பாத என்றும் சமனல கந்த என்றும் வழங்கும் இம்மலையின் சுவட்டைப் பௌத்தர் புத்தருடைய இடப்பாதமாகவும், சைவர் சிவபெருமானின் திருவடியாகவும், இஸ்லாமியர் ஆதம் நபியின் அடியாகவும் போற்றுகின்றனர். ஆயினும் உச்சிக் கோயிலின் வழிபாடு பௌத்த பிக்குகளின் பொறுப்பில் இருப்பதாலும், ஏறுவோரில் மிகப் பெரும்பாலோர் பௌத்தர்களாக இருப்பதாலும், இதனை முதன்மையாக ஒரு பௌத்த யாத்திரை என்றே கொள்ள வேண்டும். தமிழுக்கு இது அயலிடமன்று. இரத்தினத் தீவத்தில் சமந்தம் என்னும் உயர்ந்த மலையின் உச்சியில் அறவோனின் அடிச்சுவடு இருப்பதை மணிமேகலைக் காப்பியம் குறிப்பிடுகிறது. மலையடிவாரத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் தமிழே பேச்சுமொழியாக இருப்பதால், ஜொகூர் பாருவிலிருந்து செல்லும் ஒருவர் அங்கு வழி கேட்கவோ, தேநீர் கேட்கவோ வேற்றுமொழியைத் தேட வேண்டியதில்லை.

மலைக்குச் செல்லும் வழிகளும் வழிபாட்டு முறைகளும் பல நூல்களில் கிடைப்பதால், இந்த அத்தியாயம் தனியாக ஏறுபவருக்கு ஒரு நாள் எவ்வாறு கடினமான நாளாக மாறுகிறது என்பதையும், அதனை முன்கூட்டியே எவ்வாறு தடுக்கலாம் என்பதையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

கூட்டமாக ஏறிய மலை

இம்மலையின் மரபு தனியாள் நடையை அறியாதது. சிங்கள ஊர்களிலிருந்து யாத்திரை புறப்படும் குழுவுக்கு ‘நடே’ என்றும், அதனை வழிநடத்தும் மூத்தவருக்கு ‘நடே குரா’ என்றும் பெயர். எந்த நேரத்தில் புறப்படுவது, எங்கே நீராடுவது, எவரைப் பின்னால் விட்டுவிடாமல் அழைத்துச் செல்வது, மழை வந்தால் எந்த மடத்தில் ஒதுங்குவது ஆகிய அனைத்தையும் பலமுறை ஏறிய அனுபவமுள்ள அவரே முடிவு செய்வார். முதன்முறையாக ஏறுபவருக்கு அவர் சொல்லே சட்டமாக இருந்தது. 1344ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதாவும் தனியே ஏறவில்லை. அவரை வரவேற்ற யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கும் 4 யோகிகளையும், 3 பிராமணரையும், தம்மைச் சார்ந்த 10 பேரையும், உணவுப்பொருள் சுமக்க 15 பேரையும் பல்லக்கோடு சேர்த்து அனுப்பிவைத்தார் என்பது அப்பயணியின் குறிப்பிலிருந்தே தெரியவருகிறது. ஒரு தமிழ் அரசன் ஓர் அயல்நாட்டு யாத்திரிகருக்குச் செய்த இந்த ஏற்பாடு விருந்தோம்பலின் சிறப்பை மட்டும் காட்டுவதன்று; அந்த மலைக்கு ஒருவரைத் துணையின்றி அனுப்பக்கூடாது என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதையும் அது காட்டுகிறது.

இன்று மின்விளக்குகளும், கைப்பிடிக் கம்பிகளும், சீமெந்துப் படிகளும் வந்துவிட்ட நிலையில் தனியாக ஏறுவது இயலாத செயலன்று. பலர் ஆண்டுதோறும் ஏறி நலமாகத் திரும்புகின்றனர். ஆனால் தனியே செல்பவர் நடே குராவின் வேலையையும் தாமே செய்ய வேண்டியிருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் களைத்து, தூக்கம் கண்ணை அழுத்தும் வேளையில் ஒருவர் எடுக்கும் முடிவு நம்பத்தக்கதன்று; எனவே குராவின் முடிவுகள் யாவும் முதல்நாள் மாலையிலேயே, தெளிந்த மனத்தோடு, தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் மற்ற அறிவுரைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பருவமும் பாதையும்

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதத்து முழுநிலா நாளாகிய உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் போயாவில் முடிவடைகிறது. இலங்கையில் ஒவ்வொரு முழுநிலா நாளும் ‘போயா’ எனப்படும் பௌத்த நோன்புநாளாகவும் பொது விடுமுறையாகவும் அனுசரிக்கப்படுகிறது. பருவம் முடிந்ததும் உச்சியிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவமும் புனிதப் பேழையும் ஊர்வலமாக இறக்கப்பட்டு, பெல்மதுளையிலுள்ள கல்பொத்தாவல விகாரையில் அடுத்த பருவம்வரை வைக்கப்படும். அதன்பின் பாதையின் விளக்குகள் எரிவதில்லை, தேநீர்க் கடைகள் மூடப்படுகின்றன, தென்மேற்குப் பருவமழையும் காற்றும் மலையை ஆட்கொள்கின்றன. பருவமல்லாத மாதங்களில் துணையின்றி இரவில் ஏறுவதை இந்நூல் எவ்வகையிலும் பரிந்துரைக்கவில்லை. அதேவேளை, பருவத்துக்குள்ளும் போயா இரவுகளும் வார இறுதி இரவுகளும் பெருங்கூட்டத்துக்கு உரியவை; வழக்கமாக மூன்று மணி நேரத்தில் ஏறக்கூடிய வழி அவ்விரவுகளில் அதைப்போல் இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம். தனியாகச் செல்பவருக்கு மிகவும் ஏற்றது சனவரி முதல் மார்ச்சு வரையிலான, போயா அல்லாத ஒரு வாரநாள்.

வழிகளில் அட்டன் நகரிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று அங்கிருந்து ஏறுவதே மிகக் குறுகியது. ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்திலிருக்கும் நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை 6 முதல் 7 கிலோமீட்டர் தூரமும் ஏறத்தாழ 5,500 படிகளும் உண்டு. பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை இடைவிடாமல் 20 முறை ஏறுவதை நினைத்துப் பார்த்தால் மலேசியத் தமிழருக்கு இதன் அளவு புலப்படும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகவும், குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாகவும் செல்லும் பழைய பாதைகள் காட்டினுள் ஏறி, ஹெரமிட்டிபான என்னுமிடத்தில் ஒன்றுசேர்கின்றன. அவை வரலாற்றுச் சிறப்பும் அழகும் மிக்கவை என்பதில் ஐயமில்லை; ஆனால் ஏற்றம் 1,500 மீட்டருக்கும் மேற்பட்டது, அட்டைகள் மிகுதி, ஆள் நடமாட்டம் குறைவு. முதன்முறை தனியே செல்பவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜொகூர் பாருவிலிருந்து செல்வோர் சிங்கப்பூர் வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ கொழும்புக்குப் பறந்து, கோட்டை நிலையத்திலிருந்து மலைநாட்டுத் தொடர்வண்டியில் அட்டனை அடையலாம். கனமழைக் காலங்களில் மண்சரிவினால் இந்த இருப்புப்பாதை தடைபடுவதுண்டு என்பதால், பயணத்துக்கு முன்னர் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, பேருந்து வழியை மாற்றாக வைத்திருப்பது நல்லது. நல்லதண்ணியை அடைந்த இரவே ஏறத் தொடங்குவது பலரும் செய்யும் பிழை. விமானத்திலும் வண்டியிலும் கழிந்த ஒரு நாளுக்குப் பின், ஓர் இரவாவது அங்குத் தங்கித் தூங்கிய உடலோடுதான் மலையில் கால்வைக்க வேண்டும்.

ஜொகூரில் செய்ய வேண்டிய ஆயத்தம்

கடல்மட்டத்தை ஒட்டிய ஜொகூர் பாருவில் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு உடலைப் பழக்குவது எளிதன்று. நகருக்கு அருகிலுள்ள 654 மீட்டர் உயரமான குனோங் பூலாயும், குளுவாங்கிலுள்ள 510 மீட்டர் உயரமான குனோங் லம்பாக்கும் தொடக்கப் பயிற்சிக்குப் பொருத்தமானவை. ஓரளவு பழகியபின், 1,276 மீட்டர் உயரமான குனோங் லேடாங்கில் முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொண்டு ஒருநாள் ஏறி இறங்கினால், சிவனொளிபாதமலையின் சுமைக்கு மிக நெருங்கிய அனுபவம் கிட்டும். வார நாட்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டே போதுமானது. இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பயிற்சி செய்பவரில் பெரும்பாலோர் படியில் ஏறி, இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்துகின்றனர். மூச்சுக்கு அது நல்ல பயிற்சிதான், கால்களுக்கு அன்று. இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. தசைநாரைப் பெரிதும் நோகச்செய்வது இவ்வகை உழைப்பே. பழக்கமில்லாத கால் மலையிலிருந்து பாதி வழி இறங்குமுன் நடுங்கத் தொடங்குவதற்கும், மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுவதற்கும் இதுவே காரணம். எனவே குறைந்தது ஆறு வாரங்களுக்கு, ஏறிய அத்தனை மாடிகளையும் கால்களாலேயே இறங்க வேண்டும்.

நேர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். மலேசியாவின் நேரம் இலங்கையைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. நல்லதண்ணியில் அதிகாலை 2 மணிக்கு எழும் ஜொகூர்வாசியின் உடலுக்கு அது 4.30 மணி என்பதால் எழுவது கடினமாக இராது. இதன் மறுபுறம் பிற்பகலில் வெளிப்படும்: உள்ளூரார் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும் வேளையில் அவருடைய உடல் மாலைக் களைப்பை அடைந்திருக்கும். இறக்கத்தை நண்பகலுக்குமுன் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஏற்றம்

அதிகாலை 2 மணியளவில் புறப்பட்டால், நிதானமாக நடப்பவரும் சூரிய உதயமாகும் ஏறத்தாழ 6.20 மணிக்குமுன் உச்சியை எட்டலாம். முதல் ஒரு மணி நேரம் வழி எளிதாகவே இருக்கும். மகர தோரண வாயிலையும் ஜப்பானியப் பிக்குகளின் முயற்சியில் எழுந்த வெண்ணிறச் சமாதானத் தாதுகோபத்தையும் கடந்து, சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் பக்தர் கைகால் கழுவித் தூய்மை பெறுவர். எளிதாக இருப்பதாலேயே புதியவர் இங்கு வேகமாக நடந்துவிடுகின்றனர். அந்த வேகத்துக்கான விலையை இந்திக்கட்டுபானவுக்கு மேலே கொடுக்க நேர்கிறது. புத்தர் தம் சீவர ஆடையைத் தைக்க அமர்ந்த இடம் என்று நம்பப்படும் அவ்விடத்தில் யாத்திரிகர் ஊசியில் நூல் கோத்து நூலை நீட்டிவிடுவர். அதற்குப்பின் படிகள் செங்குத்தாகின்றன, ஒரே அளவில் இருப்பதில்லை, சில முழங்காலளவு உயர்ந்தவை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகமே சரியான வேகம் என்பது மலையேற்றப் பயிற்சியாளர் சொல்லும் விதி. தனியே செல்பவர், எதிரே இறங்கி வருபவர் கூறும் ‘கருணாவய்’ என்னும் வாழ்த்துக்கு மூச்சிரைக்காமல் மறுமொழி சொல்ல முடிகிறதா என்பதைக் கொண்டு இதனைச் சோதித்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் இஞ்சி சேர்த்த பிளேன்டீயும் ரொட்டியும் நல்ல துணை. வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்துக்கொண்டு வியர்ப்பவருக்கு உடலில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரலாம் என்பதால், உப்புச் சேர்ந்த தின்பண்டம் ஏதேனும் பையில் இருக்க வேண்டும்.

கடைசி அரை மணி நேர வழியில் நேரும் ஓர் இடர் அதிகம் பேசப்படுவதில்லை. உச்சி மிகச் சிறியது. விடியலைக் காண முன்னரே வந்தவர் அங்கு இடம்பிடித்திருப்பதால், பின்வருவோர் படிகளிலேயே வரிசையாக நிற்க நேரும். மூன்று மணி நேரம் வியர்த்து நனைந்த சட்டையோடு, குளிர்ந்த காற்றில், அசையாமல் நிற்பது உடல்வெப்பத்தை மிக விரைவாக இழக்கச் செய்யும். ஜொகூரின் வெக்கையில் வளர்ந்தவர், விரல்கள் மரத்துச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலையை முதன்முதலாக அங்குதான் அறிவார். வரிசையில் சேர்வதற்குமுன், கடைசிக் கடையின் மறைவில் நின்று, உலர்ந்த சட்டையும் காற்றுத்தடுப்பு மேலங்கியும் கம்பளித் தொப்பியும் அணிந்துகொள்ள வேண்டும்; உச்சிக்குச் சென்றபின் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பயனற்றது, ஏனெனில் அங்குக் கையை நீட்டவும் இடம் இராது.

உச்சியில் காலணிகளைக் கழற்ற வேண்டும் என்பதால் தடித்த காலுறை ஒரு சோடி கூடுதலாக இருப்பது நன்று. பாதச்சுவட்டைத் தரிசித்தபின், எத்தனையாவது முறை ஏறியிருக்கிறாரோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். முதன்முறை ஏறியவர் ஒருமுறை மட்டுமே அடிக்க வேண்டும். உதயத்தின்போது மேற்குப் பக்கம் திரும்பினால், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மூடுபனியின்மேல் விழுந்து, கதிரவன் ஏற ஏற அடிவாரத்தை நோக்கிச் சுருங்கி வருவதைக் காணலாம். இதற்காக ஒரு முழு இரவைக் கொடுத்தவர் எவரும் வருந்தியதில்லை.

இறக்கம்

கடினமான நாள் என்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான் தொடங்குகிறது. தரிசனம் முடிந்ததும் நாள் முடிந்துவிட்டதாக மனம் கருதிவிடுகிறது. உடலோ அப்போதுதான் பாதிவழியில் இருக்கிறது. குழுவில் சென்றவருக்குப் பேச்சும் பாட்டும் கவனத்தைத் தாங்கிநிற்கும். தனியே இறங்குபவர் தூக்கமின்மையோடும் தளர்ந்த தொடைகளோடும், பேருந்தைப் பிடிக்கும் எண்ணத்தோடும் விரைகிறார்.

முதலாவதாக, உச்சியிலிருந்து வெவ்வேறு பக்கங்களுக்கு இறங்கும் படிகள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூடுபனியிலும் கூட்டத்திலும் இரத்தினபுரிப் பக்கம் இறங்கிவிட்டவர் மலையின் மறுபுறத்துக்குப் போய்ச்சேர்வார்; அங்கிருந்து சாலை வழியாக நல்லதண்ணிக்குத் திரும்ப ஒரு நாள் போய்விடும். மேலே வந்தவுடனேயே, கோயிலுக்குள் நுழைவதற்குமுன், தாம் வந்த படியை அடையாளம் கண்டு கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் முன் ‘நல்லதண்ணிக்கு இந்த வழிதானே, அண்ணே?’ என்று ஒருவரிடமாவது கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவதாக, படியில் நேராக இறங்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடிக் கம்பியையோ கைத்தடியையோ பற்றி, முழங்காலைச் சிறிது மடித்தபடி இறங்கினால் மூட்டின் சுமை குறையும். தொடை நடுங்கத் தொடங்கியதும் உட்கார்ந்துவிட வேண்டும். நடுங்கும் காலோடு ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று தொடர்வதே கணுக்கால் பிசகுவதற்கு முதன்மையான காரணம். மூன்றாவதாக, அன்று மாலைப் பேருந்துக்கோ தொடர்வண்டிக்கோ முன்பதிவு செய்திருக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கும் நாளின் இரவையும் நல்லதண்ணியிலேயே கழிக்கத் திட்டமிடுபவருக்கு விரைய வேண்டிய தேவையே எழாது. ஒரு நாள் வாடகையைச் சேமிக்க எண்ணி முழங்காலை இழப்பது சிக்கனமாகாது.

அட்டையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். இபன் பதூதாவே அதைக் குறிப்பிட்டு, மக்கள் அதன்மேல் பிழிய எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். நகத்தால் அதன் வாய்ப்பகுதியைப் பக்கவாட்டில் நெம்பி எடுப்பதே சிறந்த முறை. தீயால் சுடுதல் கூடாது. குருதி உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் கடிவாயில் நெடுநேரம் இரத்தம் கசியும். அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

திரும்பும் நேரம்

முதல்நாள் எழுதிவைக்கும் தாளில் இன்றியமையாத வரி, திரும்பும் நேரம். அதாவது, எந்த இடத்தில் இருந்தாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட, ஏறுவதை நிறுத்திவிட்டு இறங்கத் தொடங்க வேண்டிய மணி. 2 மணிக்குப் புறப்பட்டவருக்குக் காலை 8 மணி பொருத்தமான எல்லை. இதனோடு, நேரத்தைப் பாராமல் உடனே திரும்புவதற்கான நிலைமைகளையும் எழுத வேண்டும்: இடியோசை கேட்டால், உடல் நடுக்கம் உலர்ந்த ஆடை அணிந்தும் நிற்காவிட்டால், நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ தோன்றினால். மின்னலின்போது திறந்த உச்சியும் இரும்புக் கம்பியும் எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாதியில் திரும்புவதைப் பாவமாகவோ தோல்வியாகவோ கருதும் மனநிலை பக்தரிடையே உண்டு. நேர்ந்துகொண்டு வந்தவருக்கு அது இன்னும் கடுமையாக இருக்கும். இதற்கு ஜப்பானின் ஷிகோகு தீவு நல்லதொரு மறுமொழி தருகிறது. கோபோ தாய்ஷி (774–835) என்னும் பௌத்த ஆசானின் நினைவாக அங்குள்ள 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரையில், தனியே நடப்பவரும் தனியரல்லர், ஆசான் கைத்தடியின் உருவில் உடன் வருகிறார் என்பது நம்பிக்கை. பதினோராவது கோயிலிலிருந்து பன்னிரண்டாவது கோயிலான ஷோசான்ஜிக்கு மலைகளைக் கடந்து செல்லும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வழி, தொடக்க நாட்களிலேயே வந்து பலரைச் சோர்வடையச் செய்யும் கடும்பகுதி. ஆனால் அந்த மரபில், இயன்றவரை நடந்துவிட்டு வீடு திரும்பி, மற்றோர் ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது முழுமையாக ஏற்கப்பட்ட முறை. அவ்வாறு நடப்பவரை எவரும் குறைந்த பக்தராகக் கருதுவதில்லை. சிவனொளிபாதமலையிலும் இந்திக்கட்டுபானவரை சென்று வணங்கித் திரும்பியவர் யாத்திரை செய்தவரே என்பதே இந்நூலின் நிலைப்பாடு.

தாளின் ஒரு படியைத் தங்குமிடத்தாரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் திரும்புவார் என்பதையும், திரும்பாவிட்டால் எப்போது தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் கூறிவிட்டே புறப்பட வேண்டும். மலையில் கைப்பேசி அலை எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. இலங்கையில் 1990 என்பது கட்டணமற்ற அவசர மருத்துவ ஊர்தியின் எண், 119 காவல்துறையின் எண். நலமாக இறங்கியவர் குளிப்பதற்கும் உண்பதற்கும் முன்னர் தங்குமிடத்தாரிடம் தம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். பிறகு ஜொகூர் பாருவிலுள்ள வீட்டாருக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். சொல்லாமல் அறையில் தூங்கிவிட்ட ஒருவருக்காக, நாள் முழுதும் கொழுந்து பறித்துக் களைத்த தோட்டத்து மக்கள் விளக்கேந்தி இருட்டில் மலையேற நேரக்கூடாது.